கொழு, ரோஜா, முள்ளெலி: ஒரு செக் கிராமத்தின் கொடியை எப்படிப் படிப்பது?

செக் நாட்டின் சிறிய கிராமம் ஒன்றில் விசேஷ நாளன்று ஊராட்சி அலுவலக வாசலுக்குப் போனால் இரண்டு கொடிகள் தெரியும். ஒன்று நாட்டுக் கொடி. மற்றது அந்த ஊருக்கே உரியது: நீலத்தில் ஒரு கலப்பைக் கொழுவோ, பச்சையில் மூன்று மஞ்சள் இலைகளோ, சிவப்பில் ஒரு சாவியோ இருக்கும். கதவுக்கு மேலே அதே உருவம் கேடய வடிவில் மாட்டியிருக்கும். பார்த்ததும் எண்ணூறு வருஷப் பழமை என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அது 1990-க்குப் பிறகு வரைந்தது. ஊர் பழையது, கேடயத்தின் இலக்கணமும் பழையது. சின்னம் மட்டும் புதிது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இடைக்காலத்தில் மரபுச் சின்னம் நகரங்களுக்கு உரிய சலுகை. அரசரோ பிரபுவோ பட்டயம் எழுதிக் கொடுக்க வேண்டும். சிவப்பு மெழுகில் முத்திரை குத்துவதற்கே தனி அனுமதி வாங்கிய காலம் அது. பண்ணையடிமைகள் வாழ்ந்த கிராமத்துக்குக் கேடயம் எதற்கு? 1848-இல் அடிமை உழைப்பு ஒழிந்து, அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி கிராமங்கள் தனி ஊராட்சிகள் ஆயின. அப்போதும் அவற்றுக்குக் கிடைத்தது அலுவலக முத்திரையும் மைப்பெட்டியும்தான். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1990-இல் ஊராட்சிச் சட்டம் மாறியபின் கிராமங்கள் வரிசையாக விண்ணப்பிக்க ஆரம்பித்தன. ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் ஏறத்தாழ 6,250 ஊராட்சிகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூடக் கிடையாது. அத்தனை ஊர்களுக்கும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத சின்னம் வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இவற்றில் தெரியும் பல விசித்திரங்களுக்குக் காரணம் புரியும்.

முத்திரையில் இருந்த கொழு

விண்ணப்பிக்க நினைக்கும் ஊர் முதலில் போகும் இடம் மாவட்ட ஆவணக் காப்பகம். அங்கே தேடுவது பழைய ஊர் முத்திரையை. சின்னம் இல்லாத கிராமங்களிலும் முத்திரை இருந்தது. குறிப்பாகக் கிழக்குப் பகுதியான மொராவியாவில், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், நிலப்பத்திரம், அனாதைச் சொத்துக் கணக்கு, வரி ஏடு ஆகியவற்றில் குத்துவதற்கு ஊருக்கொரு பித்தளை அச்சு இருந்தது. பெரிய நாணயம் அளவுதான் இருக்கும். விளிம்பைச் சுற்றி ‘இன்ன ஊரின் முத்திரை’ என்று பழைய எழுத்துக்கூட்டில் வாசகம், நடுவில் ஓர் உருவம்.

அந்த உருவம் மிகப் பல ஊர்களில் கலப்பையின் இரும்பு. செக் மொழியில் ‘ராட்லித்ஸே’ என்பது கொழு. அதன் பக்கத்தில் நீளமாகக் கத்திபோல் ஒன்று நிற்கும். அதன் பெயர் ‘க்ரொயிட்லோ’. நம் நாட்டுக் கலப்பையில் அந்த உறுப்பு கிடையாது. கொழு மண்ணைக் கிடைமட்டமாகப் பெயர்க்கும் முன், அதற்கு முன்னால் போய்ப் புல்வேரையும் மண்ணையும் செங்குத்தாக அறுத்துக் கொடுக்கும் கத்தி அது. ஈரமும் கனமும் உள்ள வடக்கத்திக் களிமண்ணுக்கு அது இல்லாமல் ஆகாது. திராட்சை விளையும் தென் மொராவிய ஊர்களில் கொழுவின் இடத்தில் வளைந்த கவாத்துக் கத்தியும் திராட்சைக் குலையும் வரும்.

முத்திரையை வைத்துச் சின்னம் வரையும்போது இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, தேய்மானம். முனை கீழ்நோக்கிய கொழுவின் வடிவமும் கேடயத்தின் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றே. மங்கிய அச்சு ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் கொழு காணாமல் போய், வெறும் கேடயத்துக்குள் ஒரு கத்தி என்று பதிவாகிவிடும். அதனால் வெவ்வேறு ஆண்டுகளின் பத்திரங்களில் உள்ள பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வண்ணம். மெழுகிலும் மசியிலும் வண்ணம் ஏது? கருப்பு வெள்ளைப் படத்தில் வண்ணத்தைக் கோடுகளால் குறிக்கும் ஒரு முறையை இத்தாலிய இயேசு சபைத் துறவி சில்வெஸ்த்ரோ தா பியெத்ரா சாந்தா 1638-இல் வெளியிட்ட நூல் பரப்பியது. கிடைக்கோடு நீலம், நெடுங்கோடு சிவப்பு, புள்ளி பொன், வெற்றிடம் வெள்ளி. ஆனால் கிராமத்து அச்சு வெட்டியவர் பெரும்பாலும் அந்த நுணுக்கத்துக்குள் போகவில்லை. ஆகவே கிராமச் சின்னம் ஒன்றில் இன்று காணும் உருவம் முன்னூறு ஆண்டுப் பழசாக இருந்தாலும் அதன் நிறம் இருபது, முப்பது ஆண்டுக்குமுன் ஒருவர் யோசித்துத் தேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு நிறம், ஒரு வாக்கியம்

அவர் எதை வைத்துத் தேர்ந்தார் என்பதற்கு விதிகளைப் பார்க்க வேண்டும். மரபுச் சின்னங்களின் இலக்கணமான சின்னவியலில் இரண்டு ‘உலோகங்கள்’: பொன், வெள்ளி. நான்கு ‘வண்ணங்கள்’: சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு. ஊதா உண்டு, ஆனால் அரிது. உலோகத்தின் மேல் உலோகமும் வண்ணத்தின் மேல் வண்ணமும் வரக்கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்து பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வதற்காக ஏற்பட்ட விதி இது. இன்றைய சாலை அறிவிப்புப் பலகைகளும் ஏறக்குறைய இந்த விதியின்படியே இருப்பதைக் கவனித்தால், இது வெறும் சம்பிரதாயம் அல்ல என்று தெரியும். செக் நாட்டின் சிங்கமே நல்ல உதாரணம்: சிவப்புத் தளம், அதில் இரட்டை வால் கொண்ட வெள்ளிச் சிங்கம்.

சின்னத்தின் மூலம் என்பது படம் அல்ல, வாக்கியம். ‘நீலக் கேடயத்தில் முனை கீழ்நோக்கிய வெள்ளிக் கொழு’ என்று அதிகாரபூர்வமாக எழுதியாயிற்று என்றால், ஓவியர் கொழுவைச் சற்று ஒல்லியாக வரையலாம், நீலத்தைச் சற்று அழுத்தமாகப் பூசலாம். சின்னம் மாறிவிட்டதாக ஆகாது. வாக்கியத்தில் இல்லாத ஒரு பொட்டைச் சேர்த்தால் மாறிவிட்டதாக ஆகும். ஊர்ப் பள்ளிக்கூடமும் தீயணைப்புச் சங்கமும் தத்தம் அச்சகத்தில் வெவ்வேறு நீலத்தில் அடித்துவிட்டு எது சரி என்று சண்டை போடுவதில் பொருளில்லை. இரண்டும் சரி.

இன்னொன்று, வலம் இடம். சின்னத்தில் வலப்பக்கம் என்றால் கேடயத்தைப் பிடித்திருப்பவருக்கு வலப்பக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம். சந்நிதியில் நின்றுகொண்டு ‘சாமிக்கு வலப்பக்கம்’ என்கிறோமே, அதே கணக்கு. மிருகம் எதுவானாலும், வேறு சொல்லியிராவிட்டால், அந்த வலத்தைப் பார்த்தே நிற்கும். படத்தைக் கணினியில் திருப்பிப் போட்டு அச்சடித்த பதாகைகளில் சிங்கம் ஓடிப்போவதுபோல் நிற்பது இந்த விதி தெரியாமல்தான்.

பெயரும் எசமானும் கோயிலும்

முத்திரை கிடைக்காத ஊருக்கு மூன்று வழிகள் உண்டு: ஊர்ப்பெயர், பழைய உடைமையாளரின் குலச் சின்னம், தேவாலயத்தின் புனிதர்.

பெயரைப் படமாக்குவதைச் செக் மொழியில் ‘பேசும் சின்னம்’ என்பார்கள். யாப்லொனெட்ஸ் நகரத்தின் சின்னத்தில் ஆப்பிள் மரம், காரணம் அந்தப் பெயருக்குள்ளேயே ஆப்பிள் மரம் இருக்கிறது. ராக்கொவ்னிக் நகரத்தில் நன்னீர்ச் சிங்கிறால், ஏனென்றால் ‘ராக்’ என்றால் அதுதான். கிராமப் பெயர்களில் இப்படிப்பட்டவை கொட்டிக் கிடக்கின்றன. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் ஆண்டவரின் கோட்டைக்கு ஒவ்வொரு ஊர் ஒவ்வொரு வேலை செய்து கொடுத்தது. ஷ்டீட்டரி என்ற ஊர்களில் கேடயம் செய்தார்கள், கோவாரியில் கொல்லர்கள், ப்சாரியில் வேட்டை நாய் வளர்த்தவர்கள், ஓவ்ச்சாரியில் ஆடு மேய்த்தவர்கள். இப்படிப் பெயர் வாய்த்த ஊருக்குச் சின்னம் தேடும் வேலை பாதி முடிந்தது.

வாய்க்காத ஊர்களும் உண்டு. ‘ல்ஹோட்டா’ என்ற பெயரில் மட்டும் செக் நாட்டில் நூற்றுக்கணக்கான ஊர்கள். காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு இத்தனை ஆண்டு வரி இல்லை என்று கொடுத்த தவணைதான் அந்தச் சொல். தவணையை எப்படி வரைவது? ‘போஹுஸ்லாவித்ஸே’ என்றால் போஹுஸ்லாவின் ஆட்கள். போஹுஸ்லாவ் யார் என்றே யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி ஊர்கள் வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

பேசும் சின்னம் எந்த மொழியில் பேசுகிறது என்பதுதான் இதில் சுவையான இடம். யீஹ்லவா நகரத்தின் கேடயம் நான்காகப் பிரிந்தது. இரண்டு கட்டங்களில் சிங்கம், மற்ற இரண்டில் முள்ளெலி. செக் பெயரைத் தலைகீழாகப் படித்தாலும் அதில் முள்ளெலி வராது. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த ஊரை ‘இக்லாவ்’ என்றார்கள். ‘ஈகல்’ என்றால் ஜெர்மனில் முள்ளெலி. 1945-க்குப் பிறகு இந்த நாட்டின் ஏறத்தாழ முப்பது லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மொழி ஊரைவிட்டுப் போய்விட்டது. முள்ளெலி மட்டும் கேடயத்தில் இருந்துகொண்டு இன்றும் அந்த மொழியையே பேசுகிறது. எல்லைப்புறக் கிராமங்களில் புதுச் சின்னம் வரைபவர் பழைய ஜெர்மன் பெயரையும் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். பார்க்காவிட்டால், பழைய முத்திரையில் நிற்கும் மரமோ பறவையோ ஏன் நிற்கிறது என்றே விளங்காது.

உடைமையாளரின் சின்னம் அடுத்தது. நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் தெற்கில் ஐந்திதழ் ரோஜாவைக் கண்டால் விட்டெக் வம்சம் என்று பொருள். தந்தை விட்டெக் ஐந்து மகன்களுக்கும் நிலத்தைப் பிரித்து, ஆளுக்கொரு நிற ரோஜாவும் கொடுத்தார் என்பது ஐதீகம். கதை எப்படியோ, நிறங்கள் நிஜம். வெள்ளியில் சிவப்பு ரோஜா ரோஜ்ம்பெர்க் கிளைக்கு, நீலத்தில் பொன் ரோஜா ஹ்ராடெட்ஸ் கிளைக்கு, சிவப்பில் வெள்ளி ரோஜா லாண்ட்ஷ்டெய்ன் கிளைக்கு, பொன்னில் நீலம் ஸ்த்ராஷ் கிளைக்கு, பொன்னில் கருப்பு உஸ்தி கிளைக்கு. நிறத்தை மாற்றிப் போட்டால் ஊர் வேறொருவர் ஜமீனுக்குப் போய்விடும். மொராவியாவில் கருப்புக் காட்டெருது தலையும் மூக்கில் பொன் வளையமும் தெரிந்தால் அது பெர்ன்ஷ்டெய்ன் குடும்பம். கிளை வெட்டிய இரண்டு கட்டைகள் பெருக்கல் குறிபோல் குறுக்காக நின்றால் ரோனோவ் வம்சத்தார்.

ஆனால் ஒரு கிராமம் ஐந்நூறு ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு கைமாறியிருக்கும். யாரை எடுப்பது? முதலில் குடியேற்றியவரையா, நெடுநாள் வைத்திருந்தவரையா, கடைசியாக இருந்தவரையா? தென் பொஹீமியாவில் ரோஜ்ம்பெர்க் குலம் 1611-இல் பெட்ர் வோக்கோடு முடிந்தது. பிற்பாடு அந்தச் சீமையில் பெருநிலக்காரராக ஆனவர்கள் ஷ்வார்ட்ஸென்பெர்க் குடும்பம். அவர்கள் சின்னத்தில் ஒரு காகம் துருக்கியன் தலையில் கண்ணைக் கொத்துகிறது. 1598-இல் ஹங்கேரியில் இருந்த ராப் கோட்டையைத் துருக்கியரிடமிருந்து பிடித்ததற்கு அரசர் கொடுத்த பரிசு அது. ரோஜாவா அந்தக் காகமா என்று நானூறு பேர் உள்ள ஊரைக் கேட்டால் எதைத் தேர்வார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். எதை எடுத்தாலும் குலச் சின்னத்தை அப்படியே ஒட்டக்கூடாது. ஒரு பகுதியையோ நிறத்தை மட்டுமோ எடுத்து ஊருக்கென்று வேறுபடுத்த வேண்டும்.

புனிதர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளை வரைவதில்லை, ஆளின் கருவியை வரைவார்கள். லாரன்ஸ் என்றால் அவரை வாட்டிய இரும்புக் கம்பிச்சட்டம், பார்த்தலோமேயு என்றால் கத்தி, கத்தரீனா என்றால் சக்கரம், நிக்கோலஸ் என்றால் மூன்று பொன் உருண்டைகள், யாக்கோபு என்றால் சிப்பி. 1393-இல் ப்ராகில் வில்தாவா ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட நெப்போமுக் யோவானுக்கு ஐந்து நட்சத்திரங்கள். பாலம் இருக்கும் ஊரில் எல்லாம் அவர் சிலை இருப்பதால் ஐந்து நட்சத்திரமும் சின்னங்களில் அடிக்கடி வரும். தேவாலயமே இல்லாமல் மணிக்கூண்டு மட்டும் உள்ள சிற்றூருக்கு ஒரு மணி.

ஒரு சின்னம் உருவாகும் விதம்

பெயர் சொல்லாத ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ஹ்ராடெட்ஸ் பிரபுக்களின் ஜமீன், லாரன்ஸ் தேவாலயம், முத்திரையில் கொழுவும் கத்தியும், ஊர் நடுவே ஓடை. ஊர்க்கூட்டம் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: நாலும் வேண்டும். கேடயத்தை நான்காக வெட்டி ரோஜா, கம்பிச்சட்டம், கொழு, அலைக்கோடு என்று போட்டால் பஞ்சாயத்தில் யாருக்கும் மனக்குறை இராது. இருபதடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது. அதோடு, கட்டம் பிரிப்பது சின்னவியலில் இரண்டு குலமோ இரண்டு நிலமோ சேர்ந்ததைச் சொல்லும் முறை. ஒரே ஊருக்கு அது பொய்.

ஓடையை முதலில் நீக்கலாம். ஓடை இல்லாத ஊர் எது? கோதுமைக் கதிரும் லிண்டன் மர இலையும் இதே ரகம். லிண்டன் அவர்களுடைய தேசிய மரம், அதனால் எல்லா ஊரும் கேட்கும். எல்லாரிடமும் இருக்கும் அடையாளம் யாரையும் அடையாளம் காட்டாது. கம்பிச்சட்டத்தைக் கருப்பில் நீலத் தளத்தில் வைத்தால் வண்ணத்தின் மேல் வண்ணம், ஒதுக்க வேண்டியதுதான். மிஞ்சுவது கொழுவும் கத்தியும் ரோஜாவும். தளத்தை ஹ்ராடெட்ஸ் நீலமாக வைத்து, முத்திரையின் இரும்புகளை வெள்ளியாக்கி, மேலே நடுவில் பொன் ரோஜா. வாசகம்: ‘நீலக் கேடயத்தில் முனை கீழ்நோக்கிய வெள்ளிக் கொழு, அதன் இடப்பக்கம் வெள்ளிக் கலப்பைக் கத்தி, இரண்டுக்கும் மேலே பொன் ரோஜா.’ இங்கே ஒரு பொடி விஷயம் பலரைக் கவிழ்க்கும். ரோஜாவின் நடுப்பொட்டும் இதழ்களுக்கு இடையில் எட்டிப்பார்க்கும் புல்லி நுனிகளும் தனி நிறம் பெற வேண்டும். பொன் ரோஜாவுக்குப் பொன் நடுப்பொட்டு என்றால் தெரியவே தெரியாது. நடுவில் சிவப்பு, நுனிகள் பச்சை என்று வாசகத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஓடையும் கதிரும் லிண்டன் இலையும் கழிந்த பின்னும் பிழை வரும் வாசல்கள் மிச்சம் உண்டு. நிலக்காட்சி வரையக்கூடாது, எழுத்தும் ஆண்டும் எழுதக்கூடாது, ஊர் தேவாலயத்தை அச்சு அசலாக வரையக்கூடாது. கோபுரம் இடிந்து வேறு கட்டினால் சின்னம் என்னாகும்? கோபுரம் என்ற பொது உருவம் போதும். நாட்டின் பெரிய சின்னத்தையும் குடியரசுத் தலைவர் கொடியையும் வரைந்த யிர்ஷி லோவ்டா நூற்றுக்கணக்கான ஊர்ச் சின்னங்களையும் வரைந்தவர். அவர் 2015-இல் மறைந்தார். அவருடைய வேலைகளில் ஒரு கேடயத்துக்கு ஒன்றோ இரண்டோ உருவங்களுக்கு மேல் வேண்டியிராத சிக்கனம் தெரியும். அந்தச் சிக்கனம் எல்லா ஊரிலும் இல்லை. இரண்டு கிராமங்கள் சேர்ந்த ஊராட்சிகளில் சமாதானத்துக்காகத் திணித்த உருவங்களைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து கொடி. கேடயத்தைத் துணியில் ஒட்டுவது கொடி ஆகாது. பொன் மஞ்சளாகும், வெள்ளி வெண்மையாகும், உருவம் ஒன்றாகக் குறையும். அகலத்துக்கு நீளம் 2:3. நம் கற்பனை ஊருக்கு மஞ்சள், நீலம், மஞ்சள் என மூன்று கிடைப்பட்டைகள், 1:4:1 விகிதம், நீலத்தில் வெண்கொழுவும் கத்தியும். ரோஜாவின் பொன் மஞ்சள் பட்டைகளாகிவிட்டது, அதனால் ரோஜா தேவையில்லை. 100-க்கு 150 சென்டிமீட்டர் கொடி தைத்தால் மஞ்சள் பட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16.7 செ.மீ., நடு நீலம் 66.7 செ.மீ. அதிகாரபூர்வ வாசகத்தில் இப்படி விகிதங்களும் பின்னங்களும்தான் இருக்கும். ‘கொஞ்சம் அகலமான பட்டை’ என்று எழுதினால் தையற்காரர் எதை வெட்டுவார்? உருவத்தைக் கம்பத்துப் பக்கம் ஒதுக்கி வைப்பதும் உண்டு. காற்றில்லாத நாளில் துணி மடிந்து தொங்கும்போது கம்பத்தை ஒட்டிய பகுதிதான் கண்ணில் படும். கிழிவதும் எப்போதும் பறக்கும் ஓரத்தில்தான்.

அனுமதியும் பயன்பாடும்

ஊராட்சி மன்றம் வாசகத்தையும் படத்தையும் தீர்மானமாக நிறைவேற்றி, ப்ராகில் உள்ள நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகருக்கு விண்ணப்பிக்கும். சின்னவியலுக்கும் கொடியியலுக்கும் அங்கே ஒரு துணைக்குழு இருக்கிறது. அறிவியல், கல்வி, பண்பாட்டுக் குழுவின் கீழ் அது வருகிறது. வேறு ஊரோடு மோதுகிறதா, விதி மீறுகிறதா, சொல்லும் காரணம் நிற்குமா என்று அது பார்த்துக் கருத்துச் சொன்னபின் சபாநாயகர் வழங்குகிறார். 2000-க்கு முன் சின்னம் வாங்கிய ஊர்களின் ஆணையில் கொடிக்கு ‘ப்ராப்பொர்’ என்றும், அந்த ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் வாங்கியவற்றில் ‘வ்லாய்கா’ என்றும் இருக்கும். பொருள் ஒன்றுதான், சட்டச்சொல் மாறியது. காகிதத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

பயன்படுத்துவதில் சட்டம் ஒரு வேறுபாடு வைத்திருக்கிறது. ஊர்ச் சின்னத்தை ஊராட்சியும் அதன் அமைப்புகளும் தவிர மற்றவர்கள் ஊராட்சி சம்மதித்தால்தான் பயன்படுத்தலாம். பீர் போத்தலில் ஒட்டக் கேட்டாலும் சரி, கால்பந்துச் சட்டையில் அடிக்கக் கேட்டாலும் சரி. கொடிக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை, எந்த வீட்டுக்காரரும் சன்னலில் மாட்டலாம்.

மாட்டும்போதுதான் கடைசித் தகராறு. வெள்ளை, சிவப்புப் பட்டைகளும் நீல முக்கோணமும் கொண்ட நாட்டுக் கொடியை நெடுக்காகத் தொங்கவிட்டால் நீல முக்கோணம் மேலேயும், வெள்ளைப் பட்டை பார்ப்பவருக்கு இடப்பக்கமும் இருக்க வேண்டும். பக்கத்தில் ஊர்க்கொடியையும் அதேபோல் திருப்பித் தொங்கவிட்டால் பட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. கொழு மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், முள்ளெலி சுவரேறும். நெடுக்காகத் தொங்கவிடும் பழக்கம் உள்ள ஊர்கள், உருவம் நிமிர்ந்து நிற்கும்படி வரைந்த நெட்டைப் பதாகை ஒன்றைத் தனியாகத் தைத்து வைத்துக்கொள்வதே நல்லது. அதையும் முதல் ஆர்டரிலேயே சொல்லிவிட்டால் இரண்டின் நீலமும் ஒரே துணிச்சுருளிலிருந்து வரும்.